கூடி எடுக்கும் முடிவு ஏன் தவறுகிறது?
‘குழுச் சிந்தனை’க் கொள்கை: ஒரு மதிப்பீடு

ஒருவர் தனியே அமர்ந்து எடுக்கும் முடிவைவிடப் பலர் கூடி ஆராய்ந்து எடுக்கும் முடிவு சிறந்தது என்பது பொதுவான நம்பிக்கை. ஊராட்சி மன்றம் முதல் அமைச்சரவை வரை, பள்ளி ஆசிரியர் கூட்டம் முதல் பெரிய ஆலைகளின் பாதுகாப்புக் குழு வரை, எங்கும் குழுக்கள் அமைக்கப்படுவது இந்த நம்பிக்கையின் பேரில்தான். ஒருவர் கண்ணுக்குத் தப்பிய பிழை மற்றொருவர் கண்ணில் படும். ஒருவருடைய அவசரத்தை மற்றொருவருடைய நிதானம் தடுக்கும். இது நியாயமான எதிர்பார்ப்பே. ஆயினும், அறிவும் அனுபவமும் மிக்க பலர் கூடி, நேரம் எடுத்துப் பேசி, கடைசியில் பெருந்தவறு ஒன்றைச் செய்து முடித்த நிகழ்ச்சிகள் வரலாற்றில் பல உண்டு. அவர்கள் கூடியதனாலேயே தவறினார்களா? அல்லது கூடிய முறையில் ஏதேனும் கோளாறா?

இக்கேள்விக்கு விடை கூறும் கொள்கைகளுள் மிகவும் புகழ் பெற்றது ‘குழுச் சிந்தனை’ என்ற கொள்கை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த இர்விங் ஜானிஸ், 1972-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். (குழுச் சிந்தனை என்ற சொல்லை 1952-லேயே வில்லியம் வைட் என்ற எழுத்தாளர் பயன்படுத்தியிருந்தார், அதற்கு ஓர் உளவியல் பொருளைத் தந்தவர் ஜானிஸ்.) அதன் பிறகு மேலாண்மைப் பாடநூல்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் இக்கொள்கை நிலையான இடம் பெற்றுவிட்டது. எந்தக் குழு எந்தத் தவறு செய்தாலும், ‘இது குழுச் சிந்தனையின் விளைவு’ என்று சொல்லிவிடுவது வழக்கமாகியும்விட்டது. எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் ஒரு சாவியைக் கண்டால் சற்றே ஐயப்படுவது அறிவியல் பயில்வோருக்கு அழகு. ஆகவே இக்கொள்கை எதை விளக்குகிறது, எங்கே தவறுகிறது என்பதை ஒரு பெரிய நிகழ்ச்சியைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

ஜானிஸ் கூறுவது என்ன?

ஜானிஸ் ஆராய்ந்தவற்றுள் முதன்மையானது 1961-ஆம் ஆண்டின் கியூபா படையெடுப்பு. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., கியூபாவிலிருந்து வெளியேறியவர்கள் சுமார் 1,400 பேருக்குப் போர்ப் பயிற்சி அளித்து, அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று பன்றி வளைகுடாவில் கரையிறக்கியது. மூன்றே நாளில் அப்படை தோற்றது, பெரும்பாலோர் சிறைப்பட்டனர். இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தவர்கள் குடியரசுத் தலைவர் கென்னடியும் அவருடைய ஆலோசகர்களும். அவர்கள் எல்லாரும் பெயர் பெற்ற அறிவாளிகள்.

திட்டத்தில் ஒரு மாற்று ஏற்பாடும் இருந்தது. தாக்குதல் தோற்றால், படையினர் எஸ்கம்ப்ரே மலைக்குள் புகுந்து மறைந்துகொள்ளலாம். முதலில் கரையிறங்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அம்மலைக்கு அருகில் இருந்ததால் இந்த யோசனை பொருத்தமாகவே இருந்தது. பிறகு இடம் பன்றி வளைகுடாவுக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து மலைக்குச் செல்ல இடையில் சுமார் 130 கிலோமீட்டர் தூரம் சதுப்பு நிலமும் காடும் கடக்க வேண்டும். நிலப்படம் ஒன்றை விரித்துப் பார்த்திருந்தால் இது விளங்கியிருக்கும். அத்தனை பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆலோசகர்களில் ஒருவரான வரலாற்று அறிஞர் ஆர்தர் ஷ்லெசிஞ்சர், திட்டத்தின் மீது ஐயம் இருந்தும் கூட்டங்களில் அழுத்தமாகப் பேசாமல் இருந்துவிட்டதற்காகப் பின்னர் வருந்தி எழுதினார்.

இதற்கு ஜானிஸ் தரும் விளக்கம் இது: நெருங்கிய ஒட்டுறவு உள்ள ஒரு குழுவில், ஒற்றுமையைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆவல், உண்மையை ஆராய வேண்டும் என்ற கடமையை விழுங்கிவிடுகிறது. இந்நோய்க்கு எட்டு அறிகுறிகளை அவர் குறிப்பிடுகிறார். தமக்குத் தோல்வியே இல்லை என்ற மயக்கம். எச்சரிக்கைகளுக்குக் கூட்டாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளுதல். தம் பக்கமே அறம் என்ற நினைப்பு. எதிரியை ஏளனமாக மதிப்பிடுதல். மறுத்துப் பேசுபவரை அடக்குதல். ஐயத்தைத் தானே விழுங்கிக்கொள்ளுதல். மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு எல்லாரும் உடன்படுவதாக எண்ணுதல். வேண்டாத செய்தி தலைவரின் காதுக்கு எட்டாமல் காவல் நிற்கும் சிலர் தோன்றுதல். ‘பத்தோடு பதினொன்று’ என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் மனநிலையைத்தான் அவர் பகுத்துப் பட்டியலிட்டிருக்கிறார் எனலாம்.

இக்கொள்கைக்குச் சோதனைச் சாலையிலும் ஒரு முன்னோடி உண்டு. 1950-களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலார், ஒரு கோட்டுக்குச் சமமான நீளமுள்ள கோடு எது என்று மாணவர்களைக் கேட்டார். குழந்தையும் சொல்லக்கூடிய விடை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் ஆஷ் முன்கூட்டியே ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தவறான கோட்டைக் காட்டினர். அத்தகைய நேரங்களில் மாணவர்கள் தந்த விடைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்து தவறாயின. சரியான விடையைச் சொல்லும் துணை ஒருவர் இருந்தாலே போதும், தவறுகள் பெருமளவு குறைந்தன. தன் கண்ணைக்கூட ஒருவன் கூட்டத்துக்காக நம்ப மறுப்பான் என்பதையும், ஒரே ஒரு மாற்றுக் குரலுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதையும் இச்சோதனை காட்டியது.

ஜானிஸ் தோல்விகளோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1962 அக்டோபரில் சோவியத் ஏவுகணைகள் கியூபாவில் இருப்பது தெரிய வந்தபோது கூடிய குழுவில், முந்தைய ஆண்டு தவறியவர்களுள் பலர் இருந்தனர். ஆனால் இம்முறை கென்னடி சில கூட்டங்களுக்கு வராமல் ஒதுங்கியிருந்தார்; குழு சிறு பிரிவுகளாகப் பிரிந்து மாற்று வழிகளை வகுத்தது; வெளி அறிஞர்கள் அழைக்கப்பட்டனர்; எடுத்த கருத்தை மறுத்துக் கேட்பது சிலருடைய வேலையாகவே ஆக்கப்பட்டது. உலகம் ஓர் அணுப்போரிலிருந்து தப்பியது. ஆட்கள் ஏறக்குறைய அவர்களே, மாறியது முறை. இந்த ஒப்பீடுதான் ஜானிஸ் நூலின் மிகச் சிறந்த பகுதி.

ஒரு சோதனை: 1986 ஜனவரி 27 இரவு

இனி நமது சோதனைக்கு வருவோம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்க விண்வெளி ஓடமான சேலஞ்சர், ஏவப்பட்ட 73-ஆவது விநாடியில் வானில் சிதறியது. பள்ளி ஆசிரியை ஒருவர் உட்பட அதில் சென்ற எழுவரும் மாண்டனர். விபத்துக்கு முந்திய இரவு, ஏவலாமா வேண்டாமா என்று ஒரு குழு பல மணி நேரம் விவாதித்தது. அந்த விவாதம் விசாரணைக் கமிஷனால் அனேகமாக நிமிடம் நிமிடமாகப் பதிவு செய்யப்பட்டிருப்பதால், குழு முடிவுகளைப் பற்றிப் படிப்போருக்கு அது ஒரு புதையல்.

முதலில் பொறியைப் பற்றிச் சிறிது. ஓடத்தை உந்தும் இரு திட எரிபொருள் ராக்கெட்டுகளும் பல துண்டுகளாகச் செய்யப்பட்டு, ஏவுதளத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தப்படுபவை. துண்டுகள் சேரும் இடத்தில் வெப்ப வாயு கசியாதபடி இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு. ராக்கெட்டின் விட்டம் சுமார் 3.7 மீட்டர்; வளையத்தின் தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர். ராக்கெட் பற்றியவுடன் உள்ளழுத்தத்தால் மூட்டு சிறிது விரியும். அந்த நொடிக்குள் வளையம் நெகிழ்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ள வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துப்போகும், நெகிழ்வது தாமதமாகும். 1985 ஜனவரியில் வளையம் சுமார் 12 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருந்தபோது ஏவப்பட்ட ஓடத்தின் ராக்கெட்டுகளை மீட்டுப் பார்த்தபோது, முதல் வளையத்தைக் கடந்து புகைக்கரி படிந்திருந்தது. ஏவுதல்களிலேயே குளிரானது அதுதான். இப்போது ஃபுளோரிடாவில் உறைநிலைக்கும் கீழான இரவு முன்னறிவிக்கப்பட்டிருந்தது.

ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோக்கோல் நிறுவனம் யூட்டா மாநிலத்தில் இருந்தது. அதை மேற்பார்வையிட்ட நாசாவின் மார்ஷல் நிலையம் அலபாமாவில், ஏவுதளம் ஃபுளோரிடாவில். மூன்று இடங்களில் இருந்த 34 பேர் டெலிபோன் வழியே பேசினர். ரோஜர் பாய்ஸ்ஜோலி, ஆர்னால்டு தாம்ஸன் முதலிய தயோக்கோல் பொறியியலார் 13 தாள்களில் தங்கள் தரவுகளை அனுப்பி வாதாடினர். அவர்கள் தலைவரான ராபர்ட் லண்ட், வெப்பநிலை 12 டிகிரிக்குக் குறைந்தால் ஏவ வேண்டாம் என்று பரிந்துரைத்தார். நாசா அதிகாரிகள் இப்பரிந்துரையைக் கடுமையாக எதிர்த்தனர். அப்படியானால் ஏப்ரல் மாதம் வரை காத்திருக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார்.

தயோக்கோல் தரப்பினர் தங்களுக்குள் பேச ஐந்து நிமிடம் கேட்டு இணைப்பைத் துண்டித்தனர். அது அரை மணி நேரம் நீண்டது. பொறியியலார் இருவரும் படங்களைக் காட்டி மீண்டும் வாதாடினர். பயனில்லை என்று கண்டு நிறுத்தினர். பொறியியலாருக்குரிய தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகிக்குரிய தொப்பியை அணிந்துகொள்ளும்படி லண்டிடம் மேலதிகாரி ஒருவர் கூறினார். நிர்வாகிகள் நால்வர் மட்டும் வாக்களித்து, ஏவலாம் என்று முடிவு செய்தனர். மீண்டும் இணைப்புக் கிடைத்ததும் அம்முடிவு அறிவிக்கப்பட்டது. மறுப்பு ஏதேனும் உண்டா என்று கேட்கப்பட்டபோது ஒருவரும் பேசவில்லை. ஏவுதளத்தில் இருந்த தயோக்கோல் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்டு ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தார். யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு அனுப்பினார். இத்தனை வாதம் நடந்தது என்பது, ஏவுவதற்கு இறுதி ஆணை தரும் உயர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. மறுநாள் ஏவும் நேரத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி.

கொள்கை எங்கே பொருந்தவில்லை?

சேலஞ்சர் விபத்தைக் குழுச் சிந்தனைக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் கட்டுரைகள் பல வந்துள்ளன. கடைசியில் நிலவிய மௌனம், லண்ட் மீது செலுத்தப்பட்ட அழுத்தம், செய்தி மேலே போகாமல் தடைப்பட்டது ஆகிய மூன்றும் ஜானிஸின் பட்டியலோடு பொருந்துகின்றன என்பது உண்மையே. ஆனால் நோயின் அறிகுறி சில தென்படுவதாலேயே நோய் அதுதான் என்று கூறிவிட முடியாது. காய்ச்சல் எல்லாம் மலேரியா ஆகிவிடுமா?

ஜானிஸின் முதல் நிபந்தனை ஒட்டுறவு. இந்த 34 பேரோ ஒரு குழுவே அல்லர். பணம் கொடுக்கும் அரசு நிறுவனம் ஒன்று, பொருள் செய்து கொடுக்கும் தனியார் நிறுவனம் ஒன்று, மூன்று மாநிலங்கள், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காத டெலிபோன் உரையாடல். அவர்களைப் பிணைத்தது ஒப்பந்தமே தவிர நட்பு அன்று. இரண்டாவதாக, குழுச் சிந்தனையில் மாற்றுக் கருத்து வெளிப்படுவதே இல்லை, வெளிப்பட்டாலும் முனகலாக மறைந்துவிடும் என்கிறார் ஜானிஸ். இங்கே மாற்றுக் கருத்து உரக்கவே வெளிப்பட்டது. உண்மையில் அந்தக் கூட்டம் கூட்டப்பட்டதே மாற்றுக் கருத்தைக் கேட்பதற்காகத்தான். நிறுவனத்தின் முதல் பரிந்துரையே ‘ஏவ வேண்டாம்’ என்பது. ஆஷ் சோதனையில் ஒரு துணை கிடைத்தாலே போதும் என்று கண்டோம். இங்கே பாய்ஸ்ஜோலிக்குத் துணைவர்கள் பலர் இருந்தனர். பேசத் துணிவு இருந்தது. பேசினார்கள். தோற்றார்கள்.

ஆக, ‘துணிந்து பேசுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் இந்த எழுவரைக் காப்பாற்றியிருக்காது. வேறு ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அதைக் காண, அவர்கள் எதைப் பற்றி வாதாடினர் என்பதை விட்டு, எந்த விதியின்படி வாதாடினர் என்று பார்க்க வேண்டும்.

மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

பின்னர் விசாரணைக் கமிஷன் முன் சாட்சியம் அளித்த லண்ட் ஒரு முக்கியமான செய்தியைச் சொன்னார். வழக்கமாக, ராக்கெட் பாதுகாப்பானது என்று அவர்கள்தாம் மெய்ப்பிக்க வேண்டும்; ஏவ வேண்டும் என்பவருக்கே அந்தப் பொறுப்பு. அன்றிரவோ, ராக்கெட் கட்டாயம் பழுதாகும் என்று மெய்ப்பிக்குமாறு கேட்கப்படுவது போன்ற நிலை உண்டாயிற்று. அதை அவர்களால் மெய்ப்பிக்க முடியவில்லை. குளிர் கூடாது என்று உறுதியாக நம்பிய பாய்ஸ்ஜோலியிடம், எவ்வளவு கூடாது என்று எண்ணில் காட்டும்படி கேட்டபோது அவரிடம் எண் இல்லை.

நம் கிராமங்களில் நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். ‘திரி ஈரமாக இருந்தாலும் அணையுமே, உள்ளே நச்சுக் காற்று இருப்பதை முதலில் நிரூபி’ என்று யாரும் வாதாடுவதில்லை. ஏனெனில் இரண்டு வகைத் தவறுகளின் விலை ஒன்றல்ல. வீணாக அஞ்சினால் ஒரு நாள் வேலை கெடும். வீணாகத் துணிந்தால் ஓர் உயிர் போகும். ஜனவரி 27 இரவு 34 படித்த மனிதர்கள் இந்தக் கிணற்று விதியைத் தலைகீழாக்கிவிட்டனர். யாரும் ‘இனி விதியை மாற்றுவோம்’ என்று சொல்லி மாற்றவில்லை. கேள்விகள் கேட்கப்பட்ட முறையிலேயே அது மாறிவிட்டது. மாறியது பலருக்குத் தெரியவும் இல்லை.

மேலும் ஒன்று. ‘தரவு எங்கே? எண் எங்கே?’ என்று கேட்பது அறிவியலின் நற்பழக்கம். அதையே நாமும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஆனால் ஆய்விதழில் ஒரு கருத்தை ஏற்பதற்கு வேண்டிய கட்டுப்பாடும், ஆபத்து வருமா என்று அஞ்சுவதற்கு வேண்டிய கட்டுப்பாடும் ஒன்றாக இருக்க முடியாது. அன்று எண்ணைக் கேட்டவர்கள் தாங்கள் அறிவியல் முறைப்படி நடப்பதாகவே நினைத்தார்கள். இந்நிகழ்ச்சியில் அறிவியலாரைக் கலங்க வைக்க வேண்டிய செய்தி இதுவே.

பார்க்கப்படாத பயணங்கள்

இதில் துயரமான வேடிக்கை என்னவென்றால், கேட்கப்பட்ட எண் கையிலேயே இருந்தது. பொறியியலார் அன்று காட்டியவை வளையங்கள் கெட்டுப்போன பயணங்களின் விவரங்கள். அவற்றுள் 12 டிகிரியில் பழுது இருந்தது. 24 டிகிரியிலும் பழுது இருந்தது. குளிரிலும் கெடுகிறது, வெப்பத்திலும் கெடுகிறது என்றால் வெப்பநிலைக்கு என்ன தொடர்பு என்று நாசா தரப்பு கேட்டது. கேள்வி நியாயமாகவே தோன்றியது.

விபத்துக்குப் பின் ரோஜர்ஸ் கமிஷன், பழுதில்லாத பயணங்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தது. வளையத்தின் வெப்பநிலை சுமார் 19 டிகிரிக்கு மேல் இருந்த 20 பயணங்களில் பழுது தென்பட்டது மூன்றில் மட்டும். 17 டிகிரிக்குக் கீழ் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலும் பழுது. இருபதுக்கு மூன்று, நான்குக்கு நான்கு. எட்டாம் வகுப்பு மாணவரும் இதன் பொருளைச் சொல்லிவிடுவார். கெடாத வளையங்களின் வெப்பநிலைகளையும் காட்டுங்கள் என்று அன்று 34 பேரில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஒருவரும் கேட்கவில்லை. பன்றி வளைகுடாவில் விரிக்கப்படாத நிலப்படம் போல, இங்கே ஒரு சிறிய அட்டவணை எழுதப்படாமலே போயிற்று.

டயான் வானின் விளக்கம்

இந்த இடத்தில் மற்றொரு நூலைக் குறிப்பிட வேண்டும். சமூகவியல் அறிஞர் டயான் வான், கமிஷனின் ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1996-இல் சேலஞ்சர் முடிவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அன்றிரவை மட்டும் பார்ப்பது தவறு என்பது அவருடைய வாதம். வளையத்தில் அரிப்பு முதன்முதலில் காணப்பட்டது 1981 நவம்பரில், விண்வெளி ஓடத்தின் இரண்டாவது பயணத்திலேயே. வடிவமைப்பின்படி அரிப்பு என்பதே இருக்கக்கூடாது. ஆனால் ஓடம் பத்திரமாகத் திரும்பியது. ஆராய்ந்தார்கள், இவ்வளவு அரிப்பைத் தாங்கும் என்று கணக்கிட்டார்கள், ஏற்றார்கள். அடுத்த முறை சற்றுக் கூடுதல் அரிப்பு. மீண்டும் ஆராய்ச்சி, மீண்டும் கணக்கு, மீண்டும் ஏற்பு. ஒவ்வொரு படியும் முறைப்படி, தாளில் பதிவாகி, கையெழுத்தாகி நடந்தது. இதைப் ‘பிறழ்வு வழக்கமாதல்’ என்கிறார் வான். முதல் நாள் திடுக்கிட வைத்தது, பத்தாம் நாள் கண்ணில் படுவதே இல்லை. கூரையில் ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைக்கப் பழகிவிட்டவர்களுக்கு ஒழுகலே மறந்துபோவது போல.

இதன்படி, அன்றிரவு பொறியியலார் எதிர்த்தது நாசாவை மட்டும் அன்று. அதுவரை தாங்களே எழுதிக் கையெழுத்திட்ட ஐந்தாண்டு ஏற்புகளையும் எதிர்த்தனர். சென்ற முறை வரை பாதுகாப்பானது என்றீர்கள், இன்று மட்டும் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினமாயிற்று. ஜானிஸ் ஓர் அறையைக் காட்டுகிறார். வான் அந்த அறைக்கு வந்து சேர்ந்த பாதையைக் காட்டுகிறார். சேலஞ்சர் நிகழ்ச்சியைப் பொறுத்தவரை வானின் விளக்கமே ஆழமானது என்பதில் ஐயமில்லை.

அவ்விளக்கத்தின் வலிமை 2003-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 16 அன்று ஏவப்பட்ட கொலம்பியா ஓடத்தின் இடது இறக்கையில், புறப்பட்ட சுமார் 82-ஆவது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் கட்டி ஒன்று மோதியது. நுரைப்பொருள் பெயர்வது முந்தைய பயணங்கள் பலவற்றில் கண்டு பழகிய செய்தி. இறக்கையைப் படம் எடுத்துத் தரும்படி பொறியியலார் கேட்டனர், கிடைக்கவில்லை. படம் கட்டாயம் தேவை என்று அவர்கள்தாம் முதலில் காட்ட வேண்டியிருந்தது. படம் இல்லாமல் ஆபத்தைக் காட்டுவது எப்படி? பிப்ரவரி 1 அன்று தரைக்குத் திரும்பும் வழியில் ஓடம் சிதறி எழுவர் மாண்டனர். அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா அவர்களுள் ஒருவர். ஓடம் பாதுகாப்பற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மீண்டும் பொறியியலார் தலையில் ஏற்றப்பட்டது என்று விசாரணை வாரியம் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. ரப்பர் வளையத்தை 1986-க்குப் பின் மாற்றியமைத்தார்கள். கேள்வி கேட்கும் முறையை மாற்றவில்லை.

வானிடமும் ஒரு குறை உண்டு. எல்லாம் படிப்படியாக, விதிப்படி நடந்தது என்றால் யாருக்குமே பொறுப்பு இல்லை என்ற எண்ணம் வாசகருக்கு எழக்கூடும். ஆனால் அதே பழக்கத்தில் ஊறிய மெக்டொனால்டு கையெழுத்திட மறுத்தார். வாக்கெடுப்பில் பொறியியலாரை விட்டுவிட்டது ஒரு செயல். மேலிடத்துக்குச் சொல்லாமல் விட்டதும் ஒரு செயல். பழக்கம் மனிதனை இழுத்துச் செல்கிறது என்பது மெய். அவன் கால்கள் அப்போதும் அவனுடையவையே.

தோற்றவற்றை மட்டும் எண்ணலாமா?

இப்போது இரு நூல்களுக்கும் பொதுவான ஒரு குறையைப் பார்ப்போம். இது முறை பற்றியது, எனவே முக்கியமானது. தோல்வியில் முடிந்த முடிவுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் பின்னே சென்று, குழுவின் நடத்தையில் குறைகளைத் தேடுகிறோம். கிடைக்கின்றன. ஆனால் அதே குறைகள், வெற்றியில் முடிந்த முடிவுகளிலும் இருந்திருக்கலாம் அல்லவா? ஒட்டுறவுள்ள குழுக்கள் எத்தனையோ நல்ல முடிவுகள் எடுத்திருக்கலாம். சிறிய பிறழ்வுகளை ஏற்றுக்கொண்டும் விபத்தின்றி இயங்கும் ஆலைகள் எத்தனையோ இருக்கலாம். அவற்றை எண்ணாமல், ‘இக்குறை இருந்தது, ஆகவே தோற்றது’ என்று சொல்வது எப்படி? கெட்டுப்போன வளையங்களை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு வெப்பநிலையின் விளைவைத் தேடிய அதே பிழைதான் இது!

ஜானிஸ் இதை ஓரளவு உணர்ந்தவர். 1962 ஏவுகணை நெருக்கடியையும் மார்ஷல் திட்டத்தையும் வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சேர்த்தார். ஆயினும் அவை இரண்டே. அவையும் முடிவு தெரிந்த பின் தேர்ந்தெடுத்தவை. பிற்கால ஆய்வாளர்கள் இக்கொள்கையைச் சோதனைச் சாலையில் ஆராய்ந்தபோது, ஒட்டுறவு மிகுந்தால் முடிவின் தரம் குறையும் என்ற அதன் மையக் கூற்றுக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. தலைவர் தம் விருப்பத்தை முதலிலேயே அறிவித்துவிடுவது மாற்று யோசனைகளைக் குறைக்கிறது என்ற பகுதிக்கு ஓரளவு சான்று கிடைத்தது. ஆல்டாக், புல்லர் என்ற இருவர் 1993-இல் இவ்வாய்வுகளைத் தொகுத்து நோக்கி, கொள்கையின் புகழுக்கும் அதன் சான்றுகளுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சுட்டிக்காட்டினர்.

ஆகவே ஜானிஸின் கொள்கையை ஓர் இயற்கை விதியாகக் கொள்ளுதல் கூடாது. அதை ஓர் எச்சரிக்கைப் பட்டியலாகக் கொள்ளலாம். அந்த அளவில் அது பயனுள்ளது. தலைவர் கடைசியில் பேசட்டும், வெளியாரை அழையுங்கள், முடிவெடுத்த பிறகும் ஒருமுறை கூடி ஐயங்களைக் கேளுங்கள் என்ற அவருடைய பரிந்துரைகளால் எந்தக் குழுவுக்கும் தீங்கு வராது. இடித்துரைப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நம் முன்னோர் அறிவுரையும் இதுவே. ஆனால் இடித்துரைப்பவர் இருந்தும் சேலஞ்சர் பறந்தது. எனவே அப்பட்டியலில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: இங்கே மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? ஏவலாம் என்பவரா, வேண்டாம் என்பவரா? விவாதம் சூடு பிடிப்பதற்கு முன்பே இதைத் தெளிவாகச் சொல்லி, எழுதி வைத்துவிட வேண்டும். தவறினால் போவது பணமா உயிரா என்பதைப் பொறுத்து விடை அமையும். பாலத்தில் விரிசல், கொதிகலனில் கசிவு, மருந்தின் பக்கவிளைவு என்று எதுவாயினும் இக்கேள்வி பொருந்தும்.

இரண்டாம் கேள்வி: நம் முன் வைக்கப்படாத தரவு எது? பழுதானவற்றைக் காட்டினால் பழுதாகாதவற்றையும், வென்றவற்றைக் காட்டினால் தோற்றவற்றையும் கேட்க வேண்டும். இக்கேள்விக்குப் பெரிய பதவி தேவையில்லை, பெரிய துணிவும் தேவையில்லை. கூட்டத்தில் இளையவர் ஒருவர், ஒன்றும் தெரியாதவர் போலக்கூட இதைக் கேட்கலாம். பள்ளி அறிவியல் மன்றத்திலோ கல்லூரிப் பேரவையிலோ அடுத்த முறை கூடும்போது மாணவர்கள் இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பழகட்டும். நாளை அவர்களுள் ஒருவர் அமரப்போகும் அறையில், ‘மறுப்பு உண்டா?’ என்று கேட்கப்படும்போது, அவர் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும்.